டைட் வைக்க வைக்க லூசான செயின்: ஒரு நூற்பாலைச் சுவர் அறுப்பில் கண்டது

பின்னணி

கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலை. அதன் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் (காற்றில் ஈரப்பதம் கூட்டும் அமைப்பு) அறைச் சுவரில் புதிதாக ஒரு டக்ட் (காற்றுக் குழாய்) நுழைய வழி வேண்டும் என்று எங்களைக் கூப்பிட்டார்கள். 250 மி.மீ. தடிமன் உள்ள ஆர்.சி.சி. (கம்பி கட்டிய கான்கிரீட்) சுவர், 900க்கு 600 மி.மீ. திறப்பு. அளவில் சின்ன வேலைதான், ஆனால் நேரம் நெருக்கடி. ஈரப்பதம் குறைந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும் என்பதால் ஆலை ஓடும்போது பிளான்டை நிறுத்த முடியாது. வார விடுமுறையான ஞாயிறு ஒரு நாள் கிடைத்தது. திங்கள் காலை 7 மணி ஷிஃப்டுக்குள் சுவரைத் திறந்து, இடத்தைக் கழுவி, டக்ட் ஆட்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

இதற்கு வட்டப் பிளேடு மெஷின் ஒத்து வராது. கையில் பிடித்து வெட்டும் 400 மி.மீ. பிளேடு 15 செ.மீ. பக்கம்தான் ஆழம் போகும், ஏனென்றால் நடுவில் பிளேடைப் பிடித்திருக்கும் ஃபிளான்ஜ் தடுக்கும். மறுபக்கம் போய் மீதியை வெட்டலாம் என்றால் அங்கே ஃபேனின் அடித்தளம் சுவரோடு ஒட்டி நிற்கிறது, ஆள் நிற்க இடமில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. வட்டப் பிளேடு மூலையில் முழு ஆழம் இறங்க வேண்டுமானால் கோட்டைத் தாண்டி வெட்டித்தான் ஆக வேண்டும். திறப்புக்கு வெளியே ஒரு கம்பிகூட அறுபடக் கூடாது என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் எழுதியே கொடுத்திருந்தார். செயின் சாவின் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) நேராக உள்ளே இறங்கும், மூலையும் கோட்டோடு நிற்கும். அதனால் செயின் சா என்று முடிவானது.

பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கான்கிரீட் அறுக்கும் செயினில் மரம் அறுக்கும் செயினைப் போலக் கூர்ப்பல் கிடையாது. வைரத்தூள் கலந்த சின்னச் சின்னக் கட்டிகளை வெல்டு செய்திருப்பார்கள், அவை கான்கிரீட்டை அரைத்துக்கொண்டு போகும். ஆயிலும் கிடையாது. பாருக்குள் உள்ள துளைகள் வழியாக வரும் தண்ணீர்தான் செயினைக் குளிரவைக்கிறது, வழுக்க விடுகிறது, அரைத்த மாவை வெளியே தள்ளுகிறது. மூன்று வேலைக்கும் அந்த ஒரே தண்ணீர்தான்.

வேலைக்குப் போனவர்கள் ஒரு ஆபரேட்டரும் ஒரு ஹெல்பரும். ஆபரேட்டர் கோர் கட்டிங்கிலும் வால் சாவிலும் எட்டு வருஷம் கை பழகியவர், செயின் சா ஒரு வருஷமாக ஓட்டுகிறார். மெஷின்களைப் பராமரித்து அனுப்புவது என் பொறுப்பு. சனிக்கிழமை சாயங்காலம் 35 செ.மீ. பாரில் புதுச் செயின் மாட்டி நான்தான் வண்டியில் ஏற்றிவிட்டேன். ஸ்ப்ராக்கெட் (செயினைச் சுழற்றும் பற்சக்கரம்) பழையதே. அதில் ஏற்கெனவே இரண்டு செயின் ஓடி முடிந்திருந்தது, இது மூன்றாவது. பாரையும் திருப்பிப் போடவில்லை.

காலையில் நடந்தது

8 மணிக்குப் போனவர்கள் முதலில் அறையைச் சுத்தம் செய்தார்கள். பஞ்சு படிந்த இடத்தில் கம்பி அறுக்கும்போது பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சுவர், தரை, கேபிள் ட்ரே எல்லாவற்றையும் துடைத்து நனைத்தார்கள். பெட்ரோல் இன்ஜின் புகை உள்ளே தங்காமலிருக்க எக்ஸாஸ்ட் ஃபேனை மட்டும் ஓடவிட்டார்கள். இதிலெல்லாம் ஒரு குறையும் சொல்ல முடியாது.

தண்ணீருக்கு அறையிலேயே வசதி இருந்தது. காற்றில் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரேக்கான தொட்டி நிறைய நின்றது. அதில் ஒரு சின்ன மோட்டாரை இறக்கி, 40 மீட்டர் அரை இஞ்ச் ஹோஸில் மெஷினுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். ஹோஸ் வளைந்து வளைந்து கிடந்தது.

9 மணிக்கு அறுப்பு தொடங்கியது. முறைப்படி கீழ்க்கோடு முதலில். மேல்கோட்டையோ பக்கத்தையோ முதலில் முடித்தால், கடைசியில் அறுபட்ட கான்கிரீட் கட்டி இறங்கி பாரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். கால் மணி நேரத்தில் செயின் பாருக்குக் கீழே தொங்கியது. ஆபரேட்டர் நிறுத்தி டைட் வைத்தார். புதுச் செயின் முதல் சில நிமிடங்களில் சற்று நீளும், கண்ணிகள் ஒன்றோடொன்று உட்கார்ந்துகொள்வதால் அப்படி ஆகும். எனவே முதல் தடவை டைட் வைத்தது சரிதான்.

9.30க்கு இரண்டாவது தடவை. 9.50க்கு மூன்றாவது. 10.30க்குள் ஐந்து தடவை ஆகிவிட்டது. இடையில் ஒரு மாற்றமும் வந்தது. ‘கொஞ்சம் கூடவே முடுக்கி வைத்தால் நிற்கும்’ என்று நினைத்து, செயின் சூடாக இருக்கும்போதே கையால் இழுக்க முடியாத அளவுக்கு முடுக்கியிருக்கிறார். சூட்டில் நீண்டிருக்கும் செயின் ஆறும்போது சுருங்கும். சூட்டில் டைட் வைத்தால் ஆறியதும் அது பாரின் மூக்கையும் கிளட்ச் பக்கத்தையும் பிடித்து இழுக்கும். அடுத்து ஸ்டார்ட் செய்தபோது இன்ஜின் திணறியது. திணறினால் அறுப்பு ஓடாது. ஓடாவிட்டால் ஆள் அழுத்துவார். அழுத்தினால் சூடு ஏறும், சூடு ஏறினால் செயின் மறுபடியும் தொங்கும்.

10.50க்கு செயின் பாரிலிருந்து கழன்றது. துடைத்து மாட்டினார்கள். 11.20க்கு மறுபடியும் கழன்று, சுவரில் கோட்டுக்கு வெளியே விரல் நீளத்துக்கு ஒரு கீறல் போட்டுவிட்டு நின்றது. கவரும் கார்டும் இருந்ததால் ஆளுக்கு ஒன்றும் இல்லை. அப்போதுதான் எனக்கு போன் வந்தது.

“அண்ணா, செயின் நிக்கவே மாட்டேங்குதுங்க. ஸ்க்ரூவும் கிட்டத்தட்ட கடைசிக்கு வந்துருச்சு. ஒருவேளை செயினே சரியில்லையோ?”

“எத்தனை தடவை டைட் வெச்சீங்க?”

“ஒரு ஏழு தடவை இருக்குங்க.”

“எவ்வளவு தூரம் அறுத்திருக்கு?”

“கீழ முழுசா முடிஞ்சது. மேல ஒரு சாண்.”

இரண்டரை மணி நேரத்தில் ஒரு மீட்டர் சொச்சம். முழு வேலையும் சுற்றளவு மூன்று மீட்டர், அதோடு கட்டியை இரண்டாகப் பிளக்க நடுவில் அறுபது செ.மீ. அந்த வேகத்தில் போனால் சாயங்காலம் ஐந்து மணி தாண்டியும் அறுத்துக்கொண்டிருப்பார்கள், அதுவும் செயின் தாங்கினால்.

முதல் முடிவு: நிறுத்துவது

நான் வரும் வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று சொன்னேன். ஆலை சூப்பர்வைசருக்கு அது பிடிக்கவில்லை. அவர் பக்கத்தில் நியாயம் இருக்கிறது, அவருக்கு ஷிஃப்ட் நேரம் தலைமேல் நிற்கிறது. ஆனாலும் இரண்டு தடவை கழன்ற செயினில் பாரின் காடிக்குள் (ஓரப் பள்ளத்துக்குள்) ஓடும் கண்ணிகள் கட்டாயம் அடிபட்டிருக்கும். அதை மூன்றாவது தடவை மாட்டி ஓட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புதுச் செயின் ஒன்று, புது ஸ்ப்ராக்கெட், ஒரு பிரஷர் கேஜ், பத்து லிட்டர் பக்கெட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஒன்று சொல்ல வேண்டும். கிளம்பும்போதே எனக்கு ஸ்ப்ராக்கெட் மேல்தான் சந்தேகம், ஏனென்றால் பழையதைப் போட்டு அனுப்பியது நான். தண்ணீர் மனதிலேயே இல்லை. பக்கெட்டைப் பழக்கத்தில் எடுத்தேன்.

பார்த்தது, பார்த்த வரிசையில்

மெஷினைத் தொடும் முன் தரையைப் பார்த்தேன். தண்ணீர் போதுமான அளவு வந்தால் அரைத்த மாவு நீர்மோர் போல ஓடும். இங்கே அது தோசை மாவைவிடக் கெட்டியாக, பிளவுக்குக் கீழே அப்பியிருந்தது. பிளவின் உள் ஓரத்தில் வெள்ளையாக உலர்ந்த பொடிகூட இருந்தது. ஈரமாக அறுக்க வேண்டிய இடத்தில் உலர்ந்த பொடி இருக்கவே கூடாது. அந்தப் பொடியை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்கும் கேடு.

அடுத்து தண்ணீர். ஹோஸைக் கழற்றிப் பக்கெட்டில் விட்டோம். பத்து லிட்டர் நிறைய மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனது, அதாவது நிமிடத்துக்கு மூன்று லிட்டர்தான். இந்த வகை மெஷினுக்கு நிமிடத்துக்கு ஒன்பது லிட்டர் பக்கம் வேண்டும், அழுத்தம் குறைந்தது 1.5 பார். கேஜை மாட்டினால் முள் அரை பாரைத் தாண்டவில்லை. பிறகு மெஷினில் தண்ணீர் நுழையும் கப்ளிங்கைத் திறந்தோம். உள்ளே இருந்த சல்லடைமேல் பஞ்சு கம்பளி மாதிரி படிந்திருந்தது. நகத்தால் கிள்ளி எடுத்தால் ஒரே தகடாக வந்தது, ஒரு ரூபாய் நாணய அளவில், சாம்பல் நிறத்தில். ஸ்ப்ரே தொட்டியின் வேலையே காற்றைக் கழுவுவது. கூடத்தின் பஞ்சுத் தூசி எல்லாம் அந்தத் தண்ணீரில்தான் சேரும். நாங்கள் அதை எடுத்து செயினுக்குக் கொடுத்திருக்கிறோம்.

பக்கக் கவரைக் கழற்றினேன். ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றி மாவு காய்ந்து இறுகியிருந்தது. அதைச் சுரண்டிவிட்டுப் பார்த்தால், பற்களின் ஒரு பக்கம் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம். பழைய இரண்டு செயின்களும் நீண்ட அளவுக்கு ஏற்ப அது தேய்ந்திருக்கிறது. புதுச் செயினின் கண்ணி இடைவெளி அந்தத் தேய்மானத்தோடு பொருந்தாது. கண்ணி பள்ளத்தில் சரியாக உட்காராமல் ஏறி இறங்கி ஓடும், ஒவ்வொரு சுற்றுக்கும் ரிவெட்டுகளை உலுக்கும்.

பாரில் கீழ்ப்பக்கக் காடி மேல்பக்கத்தைவிட அகன்றிருந்தது. ஒரு கண்ணியைக் காடிக்குள் வைத்து ஆட்டிப் பார்த்தால் கீழ்ப்பக்கத்தில் நன்றாக ஆடியது. திருப்பிப் போட்டிருந்தால் தேய்மானம் இரண்டு பக்கமும் பங்கு பிரிந்திருக்கும்.

கடைசியாக, ஆபரேட்டரிடம் எப்படி டைட் வைக்கிறீர்கள் என்று செய்து காட்டச் சொன்னேன். பார் நட்டுகளை லேசாக்கினார், ஸ்க்ரூவைத் திருகினார், நட்டுகளை இறுக்கினார். எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. நட்டு இறுக்கும்போது பாரின் மூக்கைத் தூக்கிப் பிடிக்கவில்லை. பாரின் நீள்துளைக்கும் போல்ட்டுக்கும் நடுவே சிறிது இடைவெளி உண்டு. மூக்கு தொங்கிய நிலையில் இறுக்கினால், அறுக்கும்போது சுவர் பாரை மேலே தள்ளும், அந்த இடைவெளி முழுதும் செயினில் தொய்வாக வரும். ஏழு தடவையில் எத்தனை தடவை செயின் உண்மையிலேயே நீண்டது, எத்தனை தடவை பார் நகர்ந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் கலந்தே இருந்திருக்கும்.

செயின் எங்கே நீளுகிறது

கழற்றிய செயினையும் கொண்டுபோன புதுச் செயினையும் சுவரில் இருந்த ஒரே ஆணியில் மாட்டித் தொங்கவிட்டோம். பழையது கிட்டத்தட்ட அரை விரல் கடை அளவுக்குக் கீழே இறங்கி நின்றது. ஆபரேட்டர் அதைப் பார்த்துவிட்டு, “இரும்பு இவ்வளவு நீளுமாங்க?” என்று கேட்டார்.

இரும்பு நீளவில்லை. இந்த நீளச் செயினில் நூறு ரிவெட்டுக்கு மேல் இருக்கிறது. ஒவ்வொரு ரிவெட்டும் அதன் துளையும் சேர்ந்து 0.1 மி.மீ. தேய்ந்தால் போதும், மொத்தத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளம் கூடிவிடும். தேய்ப்பது எது? சிமென்ட்டும் மணலும் ஜல்லியும் அரைந்த மாவு. தண்ணீர் குறைந்தால் அது ரிவெட் இடுக்கில் தங்கி உப்புத்தாள் போல அரைக்கும். செயினைப் பக்கவாட்டில் வளைத்துப் பார்த்தபோது சில கண்ணிகள் தளர்ந்து ஆடின, சில கண்ணிகள் மாவு இறுகி மடங்கவே இல்லை. வைரக் கட்டிகளோ ஏறக்குறைய புதிதாகவே இருந்தன. அறுக்கும் பகுதி அப்படியே மிச்சம் இருக்க, அதைச் சுமக்கும் செயின் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துபோயிருந்தது. இந்த வேலையில் பணம் நஷ்டமாவது பெரும்பாலும் இப்படித்தான்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

அந்தச் செயினை மறுபடி மாட்டவில்லை. புது ஸ்ப்ராக்கெட் போட்டு அதே செயினை ஓட்டலாமே என்று ஹெல்பர் கேட்டார். நீண்ட செயின் புது ஸ்ப்ராக்கெட்டையும் தன் இடைவெளிக்கு இழுத்துத் தேய்த்துவிடும், தவிர இரண்டு தடவை கழன்றதில் நான்கைந்து கண்ணிகளின் அடிப்பக்கம் பிசிறு எழும்பியிருந்தது. புதுச் செயின், புது ஸ்ப்ராக்கெட் என்று முடிவு செய்தோம். மாற்றுப் பார் கொண்டுபோகவில்லை, அதனால் இருந்ததையே திருப்பிப் போட்டு, ஓரத்தில் எழும்பிய பிசிறை அரத்தால் ராவி, காடியையும் தண்ணீர்த் துளைகளையும் மெல்லிய கம்பியால் குத்திக் கழுவினோம்.

தண்ணீரை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் நேரம் போனது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து இணைப்புத் தருகிறேன் என்றார் சூப்பர்வைசர். தொட்டி பன்னிரண்டு மீட்டர் உயரம் இருக்கலாம். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் என்று கணக்குப் போட்டால் 1.2 பார், ஹோஸில் உரசிக் குறைவது போக ஒரு பாருக்குக் கீழே. போதாது. ஆலை ஃபிட்டர் ஒருவர் போர் தண்ணீர் சம்பில் அரை எச்.பி. மோனோபிளாக் பம்ப் ஒன்றை மாட்டித் தந்தார். பம்ப் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. ஹோஸை முக்கால் இஞ்சுக்கு மாற்றி, நீளத்தை இருபது மீட்டராகக் குறைத்தோம். ஈரத் தரையில் மோட்டார் ஓடுவதால் ஈ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் கரன்டைத் துண்டிக்கும் கருவி) உள்ள லைனில் இருந்துதான் கரன்ட் எடுத்தோம். பக்கெட் ஒரு நிமிடத்துக்குள் நிறைந்தது. கேஜில் 2 பார்.

அப்புறம் நடந்தது

3 மணிக்கு மறுபடி ஸ்டார்ட் செய்தோம். சுவரைத் தொடாமல் ஒரு நிமிடம் தண்ணீரோடு வெறுமனே ஓடவிட்டு, முதலில் கோட்டின்மேல் விரல் கடை ஆழத்துக்கு ஒரு தடம் போட்டு, பிறகு பாரை முழுசாக இறக்கினார். தடம் இருந்தால் பார் கோணாது. பார் கோணினாலும் காடி ஒரு பக்கமாகத் தேயும்.

பத்து நிமிடத்தில் நிறுத்தி ஆறவிட்டுப் பார்த்தால் செயின் கொஞ்சம் தொங்கியிருந்தது. பாரின் அடியிலிருந்து கண்ணி 12 மி.மீ. அளவுக்கு இறங்கினால் டைட் வைக்கலாம் என்பது கணக்கு. மூக்கைத் தூக்கிப் பிடித்து, ஸ்க்ரூவைத் திருகி, மூக்கை விடாமலே நட்டை இறுக்கினார். கிளவுஸ் போட்ட கையால் செயினைப் பிடித்து ஒரு சுற்று இழுத்துப் பார்த்தார், தடையில்லாமல் வந்தது. மேல்கோடு முடிந்ததும் இன்னொரு தடவை. அதற்குப் பிறகு வேலை முடியும் வரை ஸ்க்ரூவைத் தொட வேண்டியிருக்கவில்லை.

பக்கக் கோடுகளில் 12 மி.மீ. கம்பிகள் குறுக்கே வந்தன. கம்பி தட்டுப்படும்போது சத்தம் மாறும். அங்கே அழுத்தாமல் மெஷினின் எடைக்கே விட்டுவிடச் சொன்னேன், கான்கிரீட்டும் கம்பியும் சேர்ந்து வரும் இடத்தில் கம்பி மெதுவாகத்தான் போகும். நடுக் கோட்டையும் சேர்த்து 5.30க்கு அறுப்பு முடிந்தது. முழுக் கட்டி 330 கிலோவுக்கு மேல். கீழே ஆப்பு அடித்து நிறுத்தியிருந்ததை இரண்டு துண்டாக, எடை தூக்கும் செயின் பிளாக்கில் இழுத்து 8 மணிக்கு இறக்கினோம். மெஷினை நிறுத்தும் முன் தண்ணீரோடு அரை நிமிடம் வெறுமனே ஓடவிட்டு மாவைக் கழுவினார்கள். காலையில் அதையும் செய்யவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் நிறுத்தியபோது உள்ளே தங்கிய மாவு அடுத்த தடவைக்குக் காய்ந்து இறுகியிருக்கிறது.

கோட்டுக்கு வெளியே விழுந்த கீறல், கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் கவரைத் தாண்டவே இல்லை, கம்பிக்கு வெகு மேலேயே நின்றுவிட்டது. இன்ஜினியர் போட்டோவைப் பார்த்து கிரவுட் (சிமென்ட் கலவை) வைத்து அடைக்கச் சொன்னார். திங்கள் ஷிஃப்ட் நேரத்துக்கு ஓடியது. எங்களுக்கு ஒரு செயினும் மூன்றரை மணி நேரமும் போனது.

மாற்றியவை, மாற்ற நினைப்பவை

அந்த வாரமே பட்டறையில் ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். செயின், ஸ்ப்ராக்கெட், பார் மூன்றுக்கும் ஒரே நோட்டில் ஒரே வரி. இரண்டு செயினுக்கு ஒரு ஸ்ப்ராக்கெட், ஒவ்வொரு செயின் மாற்றும்போதும் பாரைத் திருப்புவது. முன்பும் இது எனக்குத் தெரியாததல்ல. எழுதி வைக்காததால் சனிக்கிழமை அவசரத்தில் விட்டுப்போனது. அந்தப் பிழை சைட்டில் நடந்ததல்ல, என் மேசையில் நடந்தது.

சைட்டில் மெஷின் ஸ்டார்ட் ஆகும் முன் பக்கெட் வைத்துப் பார்ப்பது கட்டாயம். டைட் வைத்த நேரத்தை ஹெல்பர் சுவரிலேயே சாக்பீஸால் எழுத வேண்டும். புதுச் செயினில் முதல் ஒரு மணி நேரத்துக்குள் மூன்றாவது கோடு விழுந்தால் ஸ்க்ரூவைத் தொடாமல் கவரைத் திறந்து பார்க்க வேண்டும். ஏழு தடவை டைட் வைத்தது ஆபரேட்டருக்கே சரியாக நினைவில்லை, ‘ஒரு ஏழு’ என்றுதான் சொன்னார். அன்று எழுதியிருந்தால் 9.50க்கே கண்ணில் பட்டிருக்கும், அந்த நேரத்தில் செயினைக் காப்பாற்றியிருக்கவும் முடிந்திருக்கும்.

இந்த ஆய்வில் ஒரு குறை உண்டு. தண்ணீர், ஸ்ப்ராக்கெட், டைட் வைக்கும் முறை மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டோம். நேரம் இருந்திருந்தால் தண்ணீரை மட்டும் முதலில் சரி செய்து பார்த்திருக்கலாம். உலர்ந்த பொடியையும் இறுகிய கண்ணிகளையும் வைத்துப் பார்த்தால் பெரிய பங்கு தண்ணீருடையதுதான் என்பது என் கணிப்பு. தேய்ந்த ஸ்ப்ராக்கெட் அதை வேகப்படுத்தியது.

மூன்று வாரம் கழித்து அதே மெஷின், அதே ஸ்ப்ராக்கெட், ஆலையில் ஓட்டிய அதே செயினோடு ஒரு சம்ப் சுவருக்குப் போனது. லாரித் தண்ணீர். போன உடனே ஆபரேட்டர் ஒரு போட்டோ அனுப்பினார்: நிறைந்த பக்கெட், பக்கத்தில் கப்ளிங்கிலிருந்து கழற்றிய சல்லடை, அதில் இரண்டு மூன்று மணல் துகள். கீழே எழுதியிருந்தார்: “52 செகண்டுங்க அண்ணா. ஆரம்பிக்கலாமுங்களா?”